கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையில் இறுகத் தொடங்கியதும் சிலருக்கு மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பட்டையைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிடுபவர்களும் உண்டு. 'ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதிவிட்டு மருத்துவமனை ஊழியர்கள் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். என்றோ ஒருநாள் அந்தக் கையை யாரோ முறுக்கிப் பிடித்து அடித்திருக்கலாம் என்ற எண்ணம் பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் எவருக்கும் எழுவதில்லை.

ஆபத்து என்றால் நாம் யோசித்து முடிப்பதற்குள் மூளையின் அமிக்டலா உடலை உசுப்பிவிடுகிறது. அட்ரினலின் பெருகுகிறது, இதயம் விரைகிறது. ஆபத்து நீங்கியதும் இது அடங்கிவிட வேண்டும். பெரும்பாலானோருக்கு நாளடைவில் அடங்கியும் விடுகிறது. வன்முறை, விபத்து, பேரிடர் ஆகியவற்றில் சிக்கிய சிலருக்கு மட்டும் அடங்குவதில்லை. இதைத்தான் மனக்காயம் என்கிறோம். நிகழ்வின் இடத்தையும் காலத்தையும் நினைவோடு சேர்த்துக் கட்டும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி கடும் அழுத்தத்தில் தடுமாறுகிறது. அதனால் ஒரு வாசனையோ இறுக்கமோ போதும், பழைய நாள் இன்றே நடப்பதுபோல உடல் பதறுகிறது.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்லியாக வேண்டும். தாங்களாக நிறுத்த வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர் தாண்டிக் குதித்துத் தப்ப வழி கிடைத்தபோதும் பெரும்பாலும் அசையாமல் படுத்துக் கிடந்தன. 1967இல் இதை வெளியிட்ட உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும், கையறுநிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். எலிகளின் மூளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தபின், 2016இல் தங்கள் விளக்கத்தை அவர்களே திருப்பிப் போட்டார்கள். நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது உடலின் இயல்பு. 'இதை என்னால் நிறுத்த முடியும்' என்பதுதான் கற்கப்படுவது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அதை உணர்ந்துகொண்டால் மூளைத்தண்டின் பதற்றத்தைத் தணிக்கிறது. மனக்காயம் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நம்பிக்கை தந்த செய்தி வேறில்லை.

பழைய அச்ச நினைவு அழிந்துபோவதில்லை. அதன்மேல் பாதுகாப்பான அனுபவங்கள் மெல்லப் படிந்து அதை அடக்கி வைக்கின்றன. அப்படி ஓர் அனுபவம் மருத்துவமனையிலேயே கிடைக்கலாம். "இது கொஞ்சம் இறுகும், சீக்கிரம் தளர்ந்துவிடும். எந்தக் கையில் கட்டட்டும் அம்மா? போதும் என்றால் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன்." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் நிறுத்தும் அதிகாரம் நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது. மனக்காயத்தை உணர்ந்த பராமரிப்பு என்பதன் உயிர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்க அரசின் மனநல அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பாதுகாப்பு, நம்பகத்தன்மை, அனுபவப்பட்ட சகமனிதரின் துணை, தேர்வுரிமை போன்றவை கொள்கைகளாக இருக்கின்றன.

இதற்கு அவருடைய கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாருக்குத் தொற்று என்று பார்க்காமல், இரத்தத்தைத் தொட நேரும்போதெல்லாம் மருத்துவப் பணியாளர்கள் கையுறை அணிவதுபோல, எல்லோரிடமும் இப்படி நடந்துகொண்டால் போதும்.

கதையைப் பிடுங்குவதில் தீங்கும் உண்டு. துயரம் நடந்த கையோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. பின்னாளைய பாதிப்பை அது தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 'சொல்லி அழுதுவிடு, பாரம் குறையும்' என்று வற்புறுத்தும் உறவினர்களின் அன்பில் குறையில்லை. ஆனாலும் எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது என்பதைக் காயப்பட்டவரே தீர்மானிக்கட்டும். அதுவரை சோறு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள், காவல் நிலையத்துக்கோ வங்கிக்கோ கூடச் செல்ல ஒரு துணை ஆகியவை பேருதவி.

மாதக்கணக்கில் கெட்ட கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால் பரிவு மட்டும் போதாது. அதற்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர்கள், நினைவைச் சிறிது சிறிதாக அணுகும் சிகிச்சைகளைச் செய்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் இந்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.