குளிரில் சுடும் மடிக்கணினி

ஹட்டன் குளிரில் மடிக்கணினி கை வைக்க முடியாமல் சுடுகிறதென்றால் எங்கேயோ பிழை இருக்கிறது. தலவாக்கலையில் டியூஷன் கிளாஸ் நடத்தும் டீச்சர் ஒருவர் கொண்டுவந்தார். பழைய மெஷின், லினக்ஸ் போட்டது.

"தம்பி, ஃபேன் சத்தத்துல நான் சொல்றது பிள்ளைகளுக்குக் கேக்குதில்ல. பக்கத்துக் கடையில மதர்போர்ட் போச்சுன்னு சொல்லிட்டாங்க."

டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், 'டாப்' அடித்தேன். எந்தப் புரோகிராம் சிபியூவை எவ்வளவு தின்கிறது என்று அது காட்டும். உச்சியில் எக்ஸ்ஆர்க், திரையில் எல்லாவற்றையும் வரையும் சர்வர், 90 சதவீதத்துக்கு மேல். பலர் இந்த இடத்தில் அதையே கொன்றுவிடுவார்கள். கொன்றால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். சேமிக்காத வினாத்தாளும் போய்விடும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? எக்ஸ்ஆர்க் பின்பற்றுவது 1987இல் வந்த எக்ஸ்11 வடிவமைப்பு. அதன்படி பிரௌசர், கடிகாரம், திரை ஓரத்துப் பட்டையான பேனல் எல்லாம் 'இதை வரை' என்று கேட்கும், சர்வர் வரைந்து கொடுக்கும். கேட்பது யார் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு என் வழி இது. சந்தேகப்படும் புரோகிராமின் பிஐடி எண்ணுக்கு (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உள்ள அடையாள எண்) 'கில்' கட்டளையை 'ஸ்டாப்' சிக்னலோடு கொடுப்பேன். பெயர்தான் கில், ஆள் சாகாது, உறைந்து நிற்கும். 'கன்ட்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஜன்னல்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜரில் மட்டும் கை வைக்காதீர்கள், திரையே நின்றுவிடும்.

பேனலை நிறுத்தியதும் எக்ஸ்ஆர்க் சடாரென்று இறங்கியது. பேனலில் யாரோ ஒரு சிபியூ வரைபடம் சேர்த்து, நொடிக்குப் பத்து முறை புதுப்பிக்க வைத்திருந்தார்கள். சுமையைக் காட்ட வந்ததே சுமை! அதை எடுத்துவிட்டேன்.

ஆனால் டெர்மினல் ஜன்னலைக் கொஞ்சம் இழுத்தாலே சதவீதம் மறுபடி எகிறியது. ஒரு சின்ன வரைபடத்துக்கு இந்த மெஷின் இவ்வளவு திணறியிருக்கவும் கூடாது. திரையை வரைவது எது என்று காட்டும் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையைப் போட்டேன். ரெண்டரர் என்ற இடத்தில் இன்டெல் பெயர் இல்லை, 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்க, ஒவ்வொரு புள்ளியையும் சிபியூவே வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் மெஷினைத் தொடக்கிவைக்கும் க்ரப்பின் அமைப்புக் கோப்பில் கிடைத்தது: 'நோமோட்செட்' என்ற ஒரு சொல். நிறுவும்போது திரை கறுத்துப்போனால் தற்காலிகமாகப் போடுவது. அப்படியே விட்டால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறாது. அழித்து, 'அப்டேட் க்ரப்' ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்ஆர்க் பட்டியலில் கீழே போய்விட்டது, ஃபேனும் அடங்கியது. என்விடியா அட்டை உள்ள சில மெஷின்களில் சரியான டிரைவர் போடாமல் இதை அழித்தால் திரை வராது. அங்கே டிரைவர்தான் முதல் வேலை.

"எவ்வளவு தம்பி?" என்றார் டீச்சர். காசு வாங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த மெஷினுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான்.