நிரம்பியே திரும்பும் தண்ணீர் பாட்டில்

"எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறா டாக்டர். பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுங்க." குழந்தைகள் மருத்துவராக நான் இதைக் கேட்காத நாளே அநேகமாக இல்லை.

அப்படி வந்த ஒரு ஏழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா ஆதாரத்தோடு வந்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து மேசையில் வைத்தார். எலுமிச்சை சாதத்தில் ஓரமாக இரண்டு வாய் மட்டும் குறைந்திருந்தது. பையில் தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பியது நிரப்பியபடி. எனக்குச் சாதத்தைவிட அந்தப் பாட்டில்தான் உறுத்தியது.

"ஸ்கூல்ல தண்ணி குடிக்க மாட்டியா பாப்பா?"

"குடிச்சா பாத்ரூம் போகணும்."

"போனா என்ன?"

"நாறும். தாழ்ப்பாளும் இல்ல."

படுக்கவைத்து வயிற்றைத் தொட்டேன். இடப்பக்க அடிவயிற்றில் மலம் கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. "தினமும் போறாளே!" என்றார் அம்மா. போவாள்தான், கொஞ்சமாக. மீதி உள்ளேயே தங்கி இறுகிவிடும். உள்ளாடையில் கறை படுவதும் பல நேரம் இதனால்தான். அதற்காகப் பிள்ளைகள் அடியும் வாங்குகிறார்கள். குடல் அடைத்துக் கிடந்தால் வயிறு மந்தமாகி, இரண்டு வாயிலேயே போதுமென்று ஆகிவிடும். வீட்டில் இதற்குப் பெயர் பிடிவாதம்.

எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். காலையில் ஒரு பெரிய டம்ளர் பால், நாலரை மணிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் என்றால் சோற்றுக்கு இடமேது? இரும்புச்சத்துக் குறைந்தாலும் பசி போகும். பல்பம், பச்சரிசி தின்னும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 5 முதல் 11 வயதுவரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சொத்தைப் பல்லையும் மறக்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு ஒரு கோளாறும் இருக்காது. 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோவைத் தொடுகிறது. பள்ளி வயதிலோ ஆண்டுக்கு 2, 3 கிலோ ஏறினாலே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், போன வருட எடையோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்தாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து சாப்பாட்டை ஒதுக்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு டானிக் எழுதவில்லை. மலம் இளக மருந்து கொடுத்தேன். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரச் சொன்னேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கக்கூடாது, கீழே ஒரு முக்காலி வேண்டும். அப்புறம் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம்: பாடவேளை நடக்கும்போதும் இவளைக் கழிப்பறைக்கு அனுப்பவும், வெளியே நிற்க ஒரு தோழியோடு.

மூன்றாவது வாரமே டிபன் பாக்ஸ் பாதிக்குமேல் காலியானது. அம்மா சந்தோஷத்தில் மருந்தை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் அதே மேசையில் அதே டிபன் பாக்ஸ். மலம் தேங்கி விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும் என்பதை முதல் நாளே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் மருந்துச் சீட்டிலேயே பெரிதாக எழுதிவிடுகிறேன்: "நான் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது."