டப்பா பிரிக்காத நிட்டிங் மெஷினும் கெட்டுப்போகும்

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஓர் அக்கா டாக்சியில் வந்து இறங்கினார். கூடவே மகன், அவர் கையில் நீளமான ஒரு பெட்டி. பெர்த்தில் பேத்தி பிறந்திருக்கிறாள். ஜூலைக் குளிர் வருவதற்குள் ஒரு ஸ்வெட்டர் அனுப்ப வேண்டும் என்று, 400 வெள்ளி கொடுத்து பழைய ஜப்பானிய நிட்டிங் மெஷின் ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். பத்து வரிசைகூட ஓடவில்லை. கண்ணி கண்ணியாக விழுந்திருக்கிறது, அப்புறம் கேரியேஜ், அதாவது ஊசிகளின் மேல் இப்படியும் அப்படியும் தள்ளிப் பின்னும் பாகம், நடுவழியில் சிக்கிக்கொண்டது. மகன் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியிருக்கிறார். நான் திறந்து பார்த்தபோது பதினொரு ஊசிகள் வளைந்திருந்தன.

இந்த மாதத்தில் இது நான்காவது மெஷின். நான்கு பேரும் சொன்னது ஒன்றேதான்: "பயன்படுத்தவே இல்லையாம், டப்பாகூடப் பிரிக்கவில்லையாம்." அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மெஷினில் ஊசிகளுக்கு மேலாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மெல்லிய உலோகப் பட்டை ஒன்று செருகியிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் நுரை ஒட்டியிருக்கும். இதைத்தான் ஸ்பாஞ்ச் பார் என்கிறோம். இருநூறு ஊசிகளையும் தட்டோடு அமுக்கிப் பிடித்திருப்பது இந்த நுரைதான். நுரை போய்விட்டால் ஊசி தலையைத் தூக்கும். கேரியேஜ் வந்து மோதும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை.

இந்த நுரை பயன்படுத்துவதால் மட்டும் தேய்வதில்லை. காலமும் ஈரப்பதமும் சேர்ந்து, சும்மா இருக்கும்போதே அதை அரித்துவிடும். நம் வீட்டுச் செருப்பு அலமாரியை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கென்று வாங்கி இரண்டே முறை போட்ட ஷூவை நாலு வருஷம் கழித்து எடுத்தால், அடிப்பாகம் பிட்டு மாதிரி உதிர்கிறதல்லவா? அதே பாலியூரித்தேன் வகைதான் இதுவும், அதே காரணம்தான். சிங்கப்பூர்க் காற்றில் இருக்கிற ஈரம் அதற்குள் புகுந்து மெல்ல மெல்ல உடைக்கிறது. பிரதர் நிறுவனம் இந்த வீட்டு மெஷின்களைச் செய்வதை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் 'டப்பா பிரிக்காத' மெஷினுக்குள் இருக்கும் நுரையின் வயதும் குறைந்தது அவ்வளவு. டப்பாவுக்குள் இருந்ததால் அது இளமையாக இருக்காது. டப்பா பிரிக்காத மெஷின் என்றால், நுரையை யாரும் மாற்றவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நன்றாக ஓட்டிப் பழகிய ஒருவரிடமிருந்து வாங்கிய மெஷின் பல நேரம் அதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

அக்காவின் மெஷினில் இருந்த பட்டையை உருவினேன். ஒரு முனையை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் மறுமுனை வெளியே வரும், பிடித்து இழுக்கலாம். இவருடையது பாதியில் நின்றது. நுரை உருகி, பழைய வெல்லப்பாகு மாதிரி ஊசிகளின் முதுகில் ஒட்டியிருந்தது. புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும் நுரை, விரல் வைத்தால் தார் போல இழுபடும் ஒரு மெல்லிய கோடாகிவிட்டிருந்தது. "இதுக்கா நான் நாலு நாளா டென்ஷன் டயலைத் திருப்பிக்கிட்டிருந்தேன்?" என்று அக்கா கேட்டார். கண்ணி இறுக்கமா தளர்வா என்று வைக்கும் டயல் அது. ஆமாம், இதற்குத்தான். டயலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தவர்கள், நூலை மாற்றியவர்கள், தனக்குக் கைராசி இல்லை என்று அழுதவர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பட்டையை உருவிப் பாருங்கள்.

வாங்கப் போகும் இடத்திலேயே சோதிக்கலாம். ஊசிகளை முன்னே இழுத்து, நுனியை விரலால் மெதுவாக மேலே தூக்குங்கள். எதிர்ப்புத் தெரிந்தால் சரி. தொளதொளவென்று எழும்பினால் நுரை போயிற்று. அதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நுரைக்கு ஆகும் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். மாற்று நுரை இணையத்தில் கிடைக்கிறது. கதவிடுக்கில் ஒட்டும் நுரை நாடாவையும் சிலர் போடுகிறார்கள். ரொம்ப இறுக்கமானதைப் போட்டால் கேரியேஜ் கனக்கும், கவனம். பழைய பிசினைச் சுரண்டி எடுத்து, சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஊசிகளையும் தட்டையும் துடையுங்கள். பட்டையைத் திரும்பச் செருகும்போது நுரை ஊசிகளைப் பார்த்து இருக்க வேண்டும். மறு கையால் ஊசிகளை அமுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள்.

சிக்கிய கேரியேஜைத் தள்ளாதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. நிறுத்துங்கள். முன்னால் நூல் போகும் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி அதை எடுங்கள், மாட்டியிருக்கும் நூலை விடுவியுங்கள். பிரதர் மெஷின் என்றால் கேரியேஜில் உள்ள குமிழை 'CR' என்ற இடத்துக்குத் திருப்பினால் கேரியேஜ் விடுபடும். பத்து நிமிட வேலை. பலத்தைக் காட்டினால் ஊசி வளையும், அப்புறம் கேரியேஜும் போகும். ஊசிக்கு மாற்று கிடைக்கிறது. பழைய கேரியேஜின் உதிரி பாகங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எனக்கே பெரும்பாடு.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாம். கொஞ்ச நாளில் பிசின் ஆகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். ஜப்பானிலிருந்து நேரே வந்த எலக்ட்ரானிக் மெஷினாக இருந்தால், செருகும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட், நம் வீட்டில் 230.

பருத்தி நூல் விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வெயிலுக்கு அதுதான் சுகம், தெரியும். ஆனால் பருத்தி கம்பளி போல நீண்டு கொடுக்காது, அதனால் ஊசிக்குப் பாரம். டயலை ஓரிரு எண் கூட்டி, நூலை மெழுகுவர்த்தித் துண்டின் மேல் உரசி ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் கண்ணிகளின் கீழ் எடைகளைத் தொங்கவிட மறக்காதீர்கள். மாதிரித் துண்டு பின்னினால், கழற்றிய உடனே அளக்காதீர்கள். இழுபட்டு நீளமாக இருக்கும். அலசிக் காயவைத்து, ஒரு ராத்திரி சும்மா கிடக்க விட்டு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். பேத்தி ஸ்வெட்டர் பொம்மைக்குப் போவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

அக்காவின் மெஷினில் பதினொரு ஊசிகளையும் மாற்றி, புது நுரை போட்டுக் கொடுத்தேன். கண்ணி விழாமல் அறுபது வரிசை ஓடியது, மகன்தான் ஓட்டினார், இந்த முறை ஒரே விரலால். கிளம்பும் முன் பட்டையின் ஓரத்தில் மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதினேன். வாரக்கணக்கில் மெஷினைத் தொடப்போவதில்லை என்றால் பட்டையை உருவித் தனியாக வைக்கச் சொன்னேன். நுரை அமுங்கிக் கிடக்காது. உங்கள் பட்டையை இன்று உருவிப் பார்த்தால், அதன் ஓரத்திலும் ஒரு தேதி எழுதிவிடுங்கள்.