மாவை அவித்தால் குளூட்டன் போய்விடுமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏழு வயதுப் பேத்திக்குச் சீலியாக் நோய் என்று சொல்லிவிட்டார்கள். கோதுமை ஆகாதாம். இந்தத் தீபாவளிக்கு முறுக்கே வேண்டாம் என்கிறாள் மகள். ஆனால் முறுக்குக்கு நாங்கள் மாவை ஒரு மணி நேரம் அவித்து அரித்துத்தானே எடுக்கிறோம்? அவ்வளவு ஆவியில் அந்தக் குளூட்டன் செத்துப்போகாதா?"

இந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் ரசித்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி முற்றிலும் சரி என்பதுதான் காரணம். (சீலியாக் என்பது, கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கிக்கொள்ளும் நோய்.)

கேள்வி வந்த அன்று இரவே குசினிக்குள் போனேன். ஒரு கோப்பை கோதுமை மாவைத் துணியில் கட்டி நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தேன். இன்னொரு கோப்பையைப் பச்சை மாவாகவே வைத்துக்கொண்டேன். இரண்டையும் தனித்தனியே குழைத்து உருட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பிசைந்தேன். பச்சை மாவிலிருந்து பால்போல மாப்பொருள் கழுவுண்டு போகப்போக, உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை மிஞ்சியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது, மென்ற சுவிங்கத்தைப்போல. அவித்த மா உருண்டையோ ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. குறுணி குறுணியாக உதிர்ந்து விரலிடுக்கு வழியே ஓடிவிட்டது. (தொட்டி அடைத்துக்கொண்டதையும் அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.) இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் யாக்கோபோ பெக்காரி என்பவர் இப்படித்தான் மாவைக் கழுவிக் குளூட்டனைப் பிரித்தெடுத்து, 1728இல் அதைப் பற்றி உரையாற்றினார்.

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னுகின்றன. அந்த வலைதான் என் உள்ளங்கையில் மிஞ்சிய குளூட்டன். கொத்து ரொட்டிக் கடையில் எண்ணெய் மேசைமீது மாவை வீசி, மறுபக்கம் தெரியுமளவு மெல்லியதாக விரிக்கிறாரே, கிழியாமல் தாங்குவது அந்த வலைதான். ரொட்டிக்கு வரமான இதுவே முறுக்குக்குச் சனியன். பச்சை மாவை உரலில் இட்டுப் பிழிந்தால் ரப்பர்போலப் பின்னுக்கு இழுக்கும். பொரித்தால் பல்லுக்கு வேலை வைக்கும்.

ஆவி செய்வது என்ன? மாவில் போதிய ஈரமும் இல்லாமல், பிசையும் கையும் இல்லாமல் இருக்கும்போதே புரதங்களைச் சூடாக்கி அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த இழைகள் அங்கேயே, அந்தந்த மாத் துகள்களுக்குள்ளேயே, கந்தக அணுக்களால் ஒன்றையொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பிறகு நீங்கள் தண்ணீர் விட்டுக் குழைக்கும்போது, பக்கத்துத் துகளைப் பிடிக்க எந்தப் புரதத்துக்கும் கை மிச்சமில்லை. எனவே வலை இல்லை, ரப்பர் குணமும் இல்லை. இந்த வேதியியலை ஒரு வரிகூடப் படிக்காமல் நீத்துப்பெட்டியும் அரிதட்டுமாகச் சாதித்துவிட்ட நம் பாட்டிமாரை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆக, குளூட்டனின் வேலை செத்துப்போகிறது என்பதில் வாசகி சொன்னது சரி.

ஆனால் நோய் அந்த வேலையால் வருவதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. கிளையடினில் புரோலின் என்ற அமிலம் நிறைய இருப்பதால், நம் குடல் நொதியங்களால் அதை முழுவதும் வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வெட்டுப்படாமல் தப்பிவிடுகிறது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். சீலியாக் நோயாளியின் எதிர்ப்புச் சக்தி தேடுவது இப்படிப்பட்ட துண்டுகளைத்தான். அது பார்ப்பது மாலையின் வடிவத்தை அல்ல, பூக்களின் வரிசையை. ஆவியில் மாலை கசங்குகிறது, சிக்குப்படுகிறது. மல்லிகைக்கு அடுத்தது கனகாம்பரம் என்ற வரிசை அப்படியே இருக்கிறது. அதை அறுக்க இடியப்பச் சட்டியின் நூறு பாகைச் சூடு போதாது.

முட்டை ஒவ்வாமை வேறு கதை. அங்கே எதிர்ப்புச் சக்தி பலவேளை வடிவத்தைப் பார்த்தே பகைக்கிறது. அதனால்தான் முட்டை ஒவ்வாமையுள்ள பிள்ளைகளில் பலர் நன்றாக வெந்த கேக்கில் கலந்த முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள். இதை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். மருத்துவர் முன்னிலையில் செய்யவேண்டிய காரியம் அது.

கோதுமைதான் குற்றவாளி என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் வந்த 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போக, சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். அதே போரில் பர்மா அரிசி நின்றுபோனதால்தான் நம் குசினிகளில் கோதுமை மா கால் ஊன்றியது. என் அம்மம்மா கடைசிவரை அதை அமெரிக்கன் மா என்றே சொன்னார். கோதுமை இல்லாமல் நமக்குப் பலகாரமே இல்லை என்று யாராவது புலம்பினால் இதை நினைவூட்டுங்கள்.

முறுக்குக்கு வழி இருக்கிறது. நாலு பங்கு வறுத்த அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுத்தம் மா. கொதிக்கக் கொதிக்கத் தேங்காய்ப்பால் விட்டுக் குழையுங்கள். அரிசியின் மாப்பொருள் சுமார் 70 பாகையில் வீங்கிப் பசையாகும். வலை இல்லாத குறையை அந்தப் பசை தீர்க்கும். வெண்ணெய் தேவையில்லை, ஆகவே பாலும் முட்டையும் தொடாதவர்களுக்கும் ஆகும். எள்ளு ஒத்துக்கொள்ளாதவருக்கு ஓமம் மட்டும் போதும். கிறிஸ்மஸ் கேக்கில் போடும் ரவையும் கோதுமைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒளிந்திருக்கும் கோதுமைதான் ஆபத்து. கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். யாழ்ப்பாணத் தோசையிலும் அவித்த மா சேர்ப்பதுண்டு. குளூட்டன் இல்லாதது என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவு. ஒரு கிராம் கோதுமை மாவில் சுமாராக 80 மில்லிகிராம் குளூட்டன். அதாவது அந்த ஒரு கிராம் போதும், நாலு கிலோ பலகாரத்தை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த. கோதுமையும் அரைக்கிற மில்லில் அரைத்த அரிசி மாவை எப்படி நம்புவது? சந்தைப் பொதிகளை எடுத்துச் சோதித்து முடிவை வெளியிடும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினால் நான் கைதட்டுவேன். அதுவரை அரிசியை வீட்டிலேயே கழுவி உலர்த்தி அரைப்பது நல்லது.

பிள்ளையின் வயிறு ஊதினால் நாவூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாய் சுற்றிப் போடுவார்கள். சுற்றுவதில் தீங்கில்லை. "ஒரு வாயில் என்ன ஆகிவிடும்" என்று அதே கையால் கோதுமைப் பிட்டை ஊட்டுவதில்தான் தீங்கு.

வாசகிக்குக் கடைசியாக: பழைய முறுக்கு உரலையும் அரிதட்டையும் பேத்தியின் பலகாரத்துக்கு எடுக்காதீர்கள். மர உரலின் துளைகளில் எத்தனை தீபாவளி மா ஒட்டியிருக்கிறதோ! புதிதாக ஒன்று வாங்கி, அதில் அவள் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். எண்ணெயும் புதிதாகவே இருக்கட்டும்.