பேய்க்கதைத் தொகுப்பு அச்சுக்குப் போகும் முன்

மட்டக்களப்பு நகரில் பிரதி செம்மையாக்கமும் பக்க வடிவமைப்பும் செய்துவரும் என்னிடம், அண்மைக் காலமாக அமானுஷ்யக் கதைத் தொகுப்புகள் அதிகமாக வருகின்றன. எழுதியவரே தம் சேமிப்பைப் போட்டோ, நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வெளியீட்டுப் பெயரை வைத்தோ, 300 பிரதிகள் அளவில் அச்சிடும் நூல்கள் இவை. வயற்காவலுக்குப் போனவர் நடுச்சாமத்தில் கண்ட வெளிச்சம், முனி குடியிருக்கும் மருதமரம், காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் பெரியவர்கள் சொல்லும் ஜின் கதைகள் என்று, வாய்மொழியாகவே இருந்துவந்த அச்சங்கள் எழுத்தில் ஏறுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் இந்நூல்கள் பலவற்றில் ஒரே விதமான பிழைகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அச்சேறிய பிறகு திருத்த முடியாதவை என்பதால், அவற்றை முன்கூட்டியே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

முதலில் அட்டை. பேய்க்கதை என்றாலே கறுப்பு அட்டைதான் வேண்டும் என்கிறார்கள். கறுப்பு மையை மட்டும் கொண்டு முழு அட்டையையும் நிரப்பினால், திரையில் கண்ட இருள் தாளில் வராது. வெளுத்த சாம்பலாகத்தான் வரும். அதனோடு நீல மையையும் ஓரளவு சேர்க்க வேண்டும். அளவு மீறிச் சேர்த்தாலோ, மார்கழி மழைக்காலத்து ஈரத்தில் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பின் நடுவே வெள்ளையாக விடப்படும் தலைப்பு எழுத்து மெலிதாக இருந்தால், ‘ண’, ‘ன’ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப்போகும். ஆகவே தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதிரித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பின்னரே சம்மதம் சொல்லுங்கள்.

பின்னட்டையில் வரவேண்டிய சர்வதேச நியம நூல் எண்ணை (ISBN) பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். இலங்கையில் அதனை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நம் நாட்டு நூல்களின் எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். முந்திய நூலுக்குப் பெற்ற எண்ணையே புதிய நூலுக்கும் போட்டுக்கொண்டு வந்த ஒருவரை அண்மையில் திருப்பி அனுப்பினேன். 300 பிரதிகளில் பாதி வெளியீட்டு விழாவிலேயே தீர்ந்துவிடும் ஒரு நூல், பத்து ஆண்டுகளுக்குப் பின் யாராவது தேடினால் கிடைக்க வேண்டுமானால், சரியான எண்ணும், பொது நூலகத்துக்கும் தேசிய சுவடிகள் கூடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிரதிகளும் வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்துக்கு எழுத்துமூலம் அனுமதி கொடுத்துவிடுவதும் நல்லது.

மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கடக்கும்வரை பதிப்புரிமை நிலைத்திருக்கும். இணையத்தில் கிடைத்த அண்மைக்கால ஆங்கிலத் திகில் கதையை, யாரிடமும் கேட்காமல் தமிழாக்கித் தொகுப்பில் சேர்க்க எவருக்கும் உரிமை இல்லை.

இனி உள்ளே வருவோம். இங்கே இன்னமும் பலர் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதனை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும்போது, ‘ர்’ வரவேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த உருவம் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் தப்பிவிடும். இதையாவது தேடித் திருத்தலாம். பேச்சுமொழிக்கு நேரும் சேதம் அதைவிடப் பெரியது. ஒரு தொகுப்பில் வயது முதிர்ந்த பெண் கதை சொல்கிறார். “மறுகா அவ திரும்பியே பார்க்கல்ல” என்றிருந்த வரியை, வெளியூரில் பிழை திருத்தியவர் “அதன் பிறகு அவள் திரும்பியே பார்க்கவில்லை” என்று ஆக்கியிருந்தார். இலக்கணம் சரி, கதை செத்துப்போயிற்று. அந்த ‘மறுகா’வில்தான், விளக்கைத் தணித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லும் குரல் இருந்தது. அமானுஷ்யக் கதையில் அச்சம் பிறப்பது நிகழ்ச்சியால் மட்டுமன்று, சொல்பவரை நம்புவதாலும்தான் என்பதால், அந்தக் குரலைத் திருத்த எவரையும் அனுமதிக்காதீர்கள்.

அதேபோல, மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூரார் சொல்லும் பழைய பேச்சை, விற்பனைக்காக நாமே பின்னட்டையில் அச்சிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி என்னும் சடங்குப் பாடலைப் பாடும் ஊர்களின் வழிபாட்டைத் திகில் காட்சிக்குரிய பின்னணியாக மட்டும் கண்டு எழுதியவர்கள், பெரும்பாலும் அந்தச் சடங்கை ஓர் இரவுகூட விழித்திருந்து பார்த்ததில்லை என்பது வரிகளிலேயே தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கதைக்குள் இருக்கும் மனிதர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். நனைந்த உடையோடு இரவில் வந்து கதவைத் தட்டும் சிறுமியைப் பற்றிய கதை ஒன்று என் மேசைக்கு வந்தது. நன்றாக எழுதப்பட்ட கதைதான். ஆனால் ஒழுங்கையின் பெயர், சிறுமியின் பெயர், அவள் படித்த வகுப்பு எல்லாம் உள்ளபடியே இருந்தன. அவளுடைய அண்ணன் அதே ஒழுங்கையில் இன்றும் குடியிருக்கிறார் என்பதை எழுதியவரே என்னிடம் சொன்னார்.

யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய கதைகளில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று படத்துக்கு மாலை போடாமல் காத்திருக்கும் தாய்க்கு, அவன் ஆவியாக வந்து நிற்கும் கதை வெறும் கற்பனை அன்று. அவன் இறந்துவிட்டான் என்று ஊர் அறியச் சொல்லும் தீர்ப்பாகிவிடுகிறது. இத்தகைய கதைகளை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடையாளங்களை மாற்றுங்கள், கதையைச் சொன்னவரிடம் திரும்பிப் போய் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தச் சிறுமியின் கதையை எழுதியவர் அப்படித்தான் செய்தார். தமக்கு அதை முதலில் சொன்ன முதியவரின் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்தார். ஆச்சி இடைமறிக்காமல் கேட்டிருந்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காய் மனே. பேரை மட்டும் எடுத்திரு. அவள்ற அண்ணன் கேட்டா மறுகா நான் என்ன சொல்ற?” என்றாராம். பெயரையும் ஒழுங்கையையும் நீக்கிய பிரதி மறுநாள் என் மேசைக்கு வந்தது. சிறுமி கதவைத் தட்டும் வரி, தாளைப் புரட்டியதும் இடப்பக்கத்தின் தலையில் தனியாக நிற்குமாறு அந்தப் பக்கத்தை அமைத்தேன்.