வேலையை விட்டு நிற்கும்போது வரவேண்டிய மூன்று காசு

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அத்தை முறையான ஒருவர் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வுக்கு வந்தார். கடைசி நாள் வேலை முடிந்து வந்தவர் கூடையை இறவாரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "தம்பி, காசு எப்போது வரும்?" என்று கேட்டார்.

"எந்தக் காசு, அத்தை?"

"எல்லாக் காசும்தான்."

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலையை விட்டு நிற்பவருக்கு வரவேண்டியது ஒரு காசு அல்ல, மூன்று: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணிக்கொடை. முதல் இரண்டையும் ஈ.பி.எப்., ஈ.டி.எப். என்றால்தான் மலையில் எல்லாருக்கும் விளங்கும். மூன்றாவதைச் சேவைக்காலப் பணம் என்போம். மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், காசு வருவதும் தனித்தனி இடத்திலிருந்து. ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றவை தாமாகப் பின்னால் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர்.

சேமலாப நிதியிலிருந்து தொடங்குவோம். இது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் கையிலிருந்து குறைந்தது 12 வீதம் போட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாயானது. கணக்கு விளங்குவதற்காக அந்தத் தொகையையே வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 பேர் (ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்தால் சம்பளம் 27,000 ரூபாய். அதில் 2,160 ரூபாய் உங்களிடமிருந்து போகிறது. தோட்டம் 3,240 ரூபாய் சேர்க்கிறது. ஆக, அந்த மாதம் உங்கள் பெயரில் 5,400 ரூபாய் போய்ச் சேர வேண்டும்.

சம்பளத் துண்டைப் பார்க்கும்போது எல்லாருக்கும் கண்ணை உறுத்துவது அந்த 2,160 ரூபாய் கழிவுதான். நான் பார்க்கச் சொல்வது மற்றத் தொகையை. கழித்த காசும் சேர்த்த காசும் அடுத்த மாதம் முடிவதற்குள் நிதிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதம் முதல் 50 வீதம் வரை முதலாளிக்கு மிகைக்கட்டணம் உண்டு. துண்டில் கழிவு இருக்கிறது என்பதால் கணக்கில் காசு இருக்கிறது என்று ஆகிவிடாது. மலையகத்தில் சில தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நிலுவை விழுந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொன்று, சேமலாப நிதி சம்பளத்தைப் பின்தொடர்ந்து போகும் காசு. பறித்த கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேர் போட்டால், அன்றைய சேமலாப நிதியும் பாதியாகிறது. அரைப்பேரை எதிர்த்து வாதாடுகிறவர்கள் அன்றைய கூலியை மட்டும் நினைத்து வாதாடுகிறார்கள். அதன் வால் ஓய்வுகாலம் வரை நீளுகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), கைக்காசு, தற்காலிகம் என்று எந்தப் பெயரைச் சூட்டினாலும், முதலாளியின் கீழ் கூலிக்குச் செய்யும் வேலைக்கு முதல் நாளிலிருந்தே இந்தச் சட்டம் பொருந்தும்.

நிதியத்தின் நிர்வாகம் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் இருக்கிறது. காசு இருப்பது மத்திய வங்கியில். ஆண்டுதோறும் வட்டி சேரும். 2023 க்கு 13 வீதமும் 2024 க்கு 11 வீதமும் கொடுத்தார்கள்.

எப்போது எடுக்கலாம்? வேலையை விட்டு நின்ற பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியதிலிருந்து, "அறுபது ஆனால்தான் காசு தருவார்களாம்" என்று ஒரு பேச்சு லயங்களில் உலாவுகிறது. அது தவறு. அறுபதுக்கு முன் வயதைக் காட்டி உங்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்பதே அந்தச் சட்டத்தின் பொருள். சேமலாப நிதிக்கான வயது 50, 55 ஆகவே இருக்கிறது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண், நிரந்தரமாக வெளிநாட்டுக்குப் போகிறவர், இனி வேலை செய்ய முடியாதபடி நிரந்தரமாக உடல் முடங்கியவர் ஆகியோர் இந்த வயதுக்கு முன்பே எடுக்கலாம்.

ஈ.டி.எப். சிறிய காசு. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 810 ரூபாய். தொழிலாளியிடம் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. உங்கள் துண்டில் இதற்கென்று கழிவு இருந்தால் உடனே கேளுங்கள். இதற்கு வயது வரம்பு இல்லை. வேலையை விட்டால் எடுக்கலாம். ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்த நிதியில் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைத்தல் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. பிள்ளை சித்தியடைந்தால் கோயிலில் அர்ச்சனை செய்கிறோம், லயம் முழுவதும் லட்டு கொடுக்கிறோம். இந்த உதவிக்கு விண்ணப்பித்த பெற்றோரை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதில், சேவைக்காலப் பணிக்கொடையில். இது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். எந்த நிதியத்திலும் சேர்ந்து கிடக்கும் காசு அல்ல இது. தோட்டமே தன் பையிலிருந்து தர வேண்டியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு பூர்த்தி செய்த எவருக்கும் உரியது. நாட்கூலிக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அரைமாதச் சம்பளம். தானாக வேலையை விட்டாலும் உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு உண்டு.

இங்கே இரண்டு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கடைசிச் சம்பளம். முப்பது ஆண்டுக்கு முன் எவ்வளவு கூலி வாங்கினீர்கள் என்பது கணக்கில் வராது. நிற்கும்போது என்ன நாட்சம்பளமோ, அதுதான் முப்பது ஆண்டுக்கும். 1350 ஐ 14 ஆல் பெருக்கினால் 18,900 ரூபாய், அதை 30 ஆல் பெருக்கினால் 567,000 ரூபாய். சம்பள உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் மாதத்தில் அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுப்பவர், உயரப்போகும் ஒவ்வொரு ரூபாயையும் முப்பது ஆண்டுக் கணக்கில் இழக்கிறார்.

இரண்டாவது சொல் பூர்த்தி. 29 ஆண்டும் 11 மாதமும் வேலை செய்தவருக்குச் சட்டத்தில் 29 ஆண்டுதான். மருமகளின் பிரசவம், மகனின் கொழும்புப் பயணம் என்று ஒரு மாதம் முன்னால் நின்றுவிட்டால் 18,900 ரூபாய் போய்விடும். நிற்கும் திகதியைத் தீர்மானிக்கும் முன், வேலைக்குச் சேர்ந்த திகதி செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில்) என்னவென்று கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நாம் நினைத்திருக்கும் திகதியும் அங்கே எழுதியிருக்கும் திகதியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

வேலை முடிந்து 30 நாளுக்குள் இந்தக் காசைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் முதலாளி 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும். ஓர் ஆண்டு கடந்தால் 30 வீதம். "நிதி நெருக்கடி, தவணையாகத் தருகிறோம்" என்பது நடைமுறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. களவு, மோசடி, வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் போன்ற காரணங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவரிடம்கூட, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம்.

இனி கடதாசி விடயம். அத்தையின் பிஸ்கட் டின்னை இருவருமாகத் திறந்தோம். கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், கறையான் அரித்த ஒரு கல்யாணப் படம், றப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுச் சம்பளத் துண்டு. பி அட்டை மட்டும் இல்லை. சேமலாப நிதியில் உங்கள் அங்கத்துவ இலக்கம் பதிந்திருக்கும் அட்டை அதுதான். காசு கேட்கும் கே படிவத்தோடு அதையும் கேட்பார்கள். கடைசியில் முருகன் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் அது செருகியிருந்தது. யார் எப்போது வைத்தார்கள் என்று அத்தைக்கே நினைவில்லை.

அட்டை கிடைத்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. அட்டையில் ராசம்மா. அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு ராசம்மாள். பிறப்புச் சான்றிதழில் ராஜம்மா. அன்று பெயர் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதினார், அடுத்தவர் அதைச் சிங்களத்தில் எழுதினார், அதற்கடுத்தவர் ஆங்கிலத்துக்கு மாற்றினார். மலையகத்தில் இந்தக் கோளாறு இல்லாத வீடு குறைவு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டத் தோட்டக் காரியாலயத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக் கடதாசி ஆகியவை உதவும். எது போதும் என்பதைத் தொழில் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டால் இரண்டு பஸ் செலவு மிச்சம். பிறப்புச் சான்றிதழே இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த பழைய அடையாள அட்டையைக் கொடுத்துப் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை எடுத்தவர்கள், பழையதன் பிரதி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். தோட்டத்தின் பழைய ஏடுகளில் இருப்பது அந்த இலக்கம்தான்.

முதலாளி மாறினால் அங்கத்துவ இலக்கமும் மாறும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதற்கு முன்பே பெயர் பதிந்தவர்களும், இடையில் தோட்டம் மாறியவர்களும், கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்த பெண்களும் தங்கள் பெயரில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் அவற்றை ஒன்றாக இணைக்கக் கேட்கலாம். இதை ஓய்வுபெறும் ஆண்டில் செய்ய நினைத்தால் அலைச்சல். நாற்பது வயதில் செய்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற வேலை.

பின்னுரித்தாளர் பெயரும், அதாவது நீங்கள் இறந்தால் காசு யாருக்கு என்று எழுதிக் கொடுத்த பெயரும், அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதில் அம்மாவின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அம்மா இறந்து பல ஆண்டாகியும் படிவத்தில் அவரே இருந்தால், உங்களுக்கு ஏதாவது நேர்ந்த பின் அல்லாடப்போவது கணவனும் பிள்ளைகளும். மாற்றிக்கொள்ள முடியும், செலவும் இல்லை.

வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதியில் 30 வீதம் வரை எடுக்கும் வழி 2012 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் வந்தது. பத்து ஆண்டு அங்கத்துவமும், கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் ரூபாயும் வேண்டும். எடுக்கக்கூடிய உச்சம் இருபது இலட்சம். வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மட்டும். வீட்டுக்கு என்றால் காணிக்குப் பத்திரம் காட்ட வேண்டும். லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவனிடம் காணி உறுதி கேட்டால் எங்கே போவான்? வீட்டுக்கென்று கொடுத்த 7 பேர்ச் (நில அளவு) காணிக்கு உறுதி கிடைத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதி ஏட்டுச் சுரைக்காய்தான். வைத்தியத்துக்கு எடுக்க அந்தத் தடை இல்லை.

இப்போது தோட்டங்கள் சில, தேயிலை நிலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்குகின்றன. மாதக் கடைசியில் கையில் சேரும் காசு கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் உங்களைத் தொழிலாளியாகக் கணக்கெடுக்கிறார்களா, இல்லையா? இல்லையென்றால் 12 வீதமும் 3 வீதமும் 14 நாள் சம்பளமும் அன்றோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும்.

காசு வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய நகரங்களில் அலுவலகங்கள் இருக்கின்றன. தொழில் உத்தியோகத்தர் தோட்டத்தின் ஏடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடவும் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழ் அரசகரும மொழி. அடையாள அட்டைப் பிரதி, பி அட்டைப் பிரதி, கிடைத்த அளவு சம்பளத் துண்டுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

அத்தைக்கு ஈ.டி.எப். முதலில் வந்தது. சேவைக்காலப் பணம் முப்பது நாளில் வரவில்லை. எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்த பிறகு வந்தது. சேமலாப நிதி விண்ணப்பம், அந்த மூன்று பெயரால் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டாம் முறை காரியாலயத்தில், "நீங்கள் கொடுத்த கடிதம் எங்களிடம் இல்லையே" என்றார்கள். அத்தை பேசாமல் பையைத் திறந்து, வரவேற்பு முத்திரையும் திகதியும் விழுந்த பிரதியை எடுத்து மேசையில் வைத்தார்.