சைக்கிள் வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றால் பயிற்சி பலிக்கிறது என்று அர்த்தமில்லை

சாலைப் பந்தய வீராங்கனை யார் வந்தாலும், முழங்கால் வலி என்றாலும் சரி, தூக்கம் இல்லை என்றாலும் சரி, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டுவிடுவேன். "சீசன் தொடங்கினால் நின்றுவிடும் டாக்டர், எனக்கு எப்போதும் அப்படித்தான்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். சிலர் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். கடுமையாக உழைத்தால் அப்படித்தான் ஆகும் என்று அணியில் மூத்தவர் யாராவது சொல்லியிருப்பார்.

உழைப்பு மட்டும் மாதவிடாயை நிறுத்துவதில்லை. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோதுதான் நிற்கிறது. கையில் இருக்கும் சக்தி போதாது என்று தெரிந்ததும், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாகக் குறைக்கும். சினைமுட்டை வெளிவருவது அதில் முதல் வரிசையில் இருக்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு வீராங்கனையின் எடை 56 கிலோ, கொழுப்பு நீங்கலாக 45 கிலோ. நான்கு மணி நேரப் பயிற்சியில் சுமார் 2,000 கலோரி செலவாகிறது. அன்று முழுவதும் அவர் சாப்பிட்டது 2,600. கேட்பவருக்கு நிறையச் சாப்பிட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் மூளை, இதயம், எலும்பு, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சியது 600. அதை 45-ஆல் வகுத்தால், கிலோவுக்கு 13 கலோரி. இது கிலோவுக்கு 45 கலோரி அளவில் இருந்தால் போதுமானது. 30-க்குக் கீழே நாள்கணக்கில் போனால் ஹார்மோன்கள் சரியத் தொடங்கும். ஆளுக்கு ஆள் இந்த எல்லை கொஞ்சம் மாறும் என்றாலும் 13 மிகக் குறைவு. இவர் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நீண்ட பயிற்சிக்குப் பிறகு பசியே எடுக்காமல் போவது சகஜம்.

சரி, வேண்டுமென்றே எடை குறைப்பவர்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மலையேற்றத்தில் ஒரு கிலோ எடைக்கு மிதிக்கும் சக்தி எத்தனை வாட் என்பதுதான் பேச்சு. 2024 மகளிர் டூர் டி பிரான்ஸ், எட்டுக் கட்டங்கள் ஓடி ஆல்ப் துவெஸ் மலை உச்சியில் முடிந்தபோது, முதலிடம் பிடித்த காசியா நியெவியாடோமாவுக்கும் இரண்டாவதாக வந்த டெமி வொல்லரிங்குக்கும் இடையே இருந்தது வெறும் 4 விநாடி. ஒப்பந்தமோ பலருக்கு ஓராண்டு, இரண்டாண்டுதான். உயர்மட்ட மகளிர் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2020-இல்தான் வந்தது. அப்படி ஒரு நிலையில் எடை குறைந்ததும் முதல் சில வாரங்கள் வேகம் உண்மையாகவே கூடுகிறது. பொறி இதுதான். அப்புறம் களைப்பு, அடிக்கடி சளி, சட்டென்று எரிச்சல், என்ன பயிற்சி செய்தாலும் ஏறாத வாட்.

எனக்குப் பெரிய கவலை எலும்புதான். ஓட்டக்காரருக்கு ஒவ்வொரு அடியிலும் எலும்பில் அதிர்வு விழுகிறது, அதனால் எலும்பு உறுதிப்படுகிறது. சைக்கிளில் அது கிடையாது. அதோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறைந்தால் இரட்டை இழப்பு. ஓட்டக்காரரின் எலும்பு மெலிந்தால் பல நேரம் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் மெல்லிய விரிசல்) வந்து வலியால் காட்டிக்கொடுக்கும், அவர் மருத்துவரிடம் வந்துவிடுவார். சைக்கிள் வீராங்கனைக்கு அந்த எச்சரிக்கை அநேகமாக வருவதே இல்லை. இறக்கத்தில் ஒரு முறை விழுந்து, எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவரும். வாழ்நாளுக்கான எலும்பைச் சேர்த்துவைக்கும் பதின்ம வயதும் இருபதுகளின் முற்பகுதியும்தான் இந்தத் தொழிலில் காலூன்றும் வயதும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் ரத்தப்போக்கு இயல்பான மாதவிடாய் அல்ல. உள்ளே சுழற்சி நின்றிருந்தாலும் அது வரும். "மாதவிடாய் வரவைக்க" என்று மட்டும் மாத்திரை எழுதிக்கொடுத்தால் சக்திக் குறை அப்படியே இருக்கும், எலும்புக்கும் காப்பு கிடைக்காது.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்தச் சக்திக் குறை நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் சக்திக் குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் கொடுத்தது. ஆண்களுக்கும் வரும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். கர்ப்பம், தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் ரெட்-எஸ் என்று சொல்வோம். பயிற்சியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அணியின் முன்னால் எடை பார்க்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு பதினான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. நீண்ட பயிற்சிகளில் சைக்கிளில் இருக்கும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, இறங்கியதும் பசிக்காகக் காத்திராமல் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி என்று மாற்றினோம். எடை இரண்டரைக் கிலோ ஏறியது. அன்று அழுதார். ஏழாவது மாதம் மாதவிடாய் வந்தது. அதற்கு முன்பே வாட் ஏறத் தொடங்கியிருந்தது. ஓராண்டு கழித்து எடுத்த டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி கொஞ்சம்தான் கூடியிருந்தது. அவர் இன்னும் பந்தயத்தில் இருக்கிறார், ஸ்கேனுக்கும் தவறாமல் வருகிறார்.